முனைவர் பட்ட ஆய்வின் நெருக்கடியில் கிறிஸ்தவ விசுவாசத்தைக் காத்துக்கொள்ள முடியுமா?

ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகத்துக்கு வரச் சொல்கிறார்கள், ஆராதனைக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறது, இப்படியே போனால் விசுவாசமே தளர்ந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆய்வில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ இருப்பீர்கள் என்றும், "சபைக்குப் போனியா?" என்று வீட்டில் கேட்டால் பேச்சை மாற்றுகிறவர் என்றும் ஊகிக்கிறேன், நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் எனக்கு வந்த சோதனை நான் காவல் வைக்காத பக்கத்திலிருந்து வந்தது என்பதால், அதையே விரிவாகச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் இறுதியில் வேதியியலில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தேன். சாயப்பட்டறைக் கழிவுநீரில் உள்ள சாயத்தைத் துத்தநாக ஆக்சைடு நுண்துகள்களைக் கொண்டு ஒளியின் உதவியால் சிதைப்பதுதான் தலைப்பு. மெத்திலீன் நீலம் கலந்த நீரில் துகள்களைப் போட்டு, அரை மணி நேரம் இருட்டில் கலக்கி, பிறகு விளக்கொளியில் வைத்து, நிறம் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். அதே துகள்களைப் பிரித்தெடுத்துக் கழுவி உலர்த்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்திக் காட்டினால்தான் கட்டுரைக்கு மதிப்பு. முதல் சுற்றில் 94 விழுக்காடு, மூன்றாம் சுற்றில் 85 வந்தது. நான்காவதில் 62, ஐந்தாவதில் 48 என்று சரிந்துவிட்டது.

அது 2021ஆம் ஆண்டின் தொடக்கம். முந்தைய ஆண்டு ஊரடங்கில் ஆய்வகம் பல மாதங்கள் பூட்டிக் கிடந்திருந்தது. மாதம் 35,000 ரூபாய் உதவித்தொகை அந்த ஆண்டோடு முடியவிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. (2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், எனக்கு அது உதவவில்லை.) நெறியாளர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கடைசி இரண்டும் எண்பதுக்கு மேலே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லவும் இல்லை.

அன்றிரவு விடுதியில் அந்தக் கோப்பைத் திறந்து 83 என்றும் 81 என்றும் தட்டச்சு செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த, "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அதுவரை அந்த வசனத்தைச் சத்தியம் செய்வது, ஆணையிடுவது பற்றியதாகவே கேட்டிருந்தேன். ஓர் அட்டவணையின் இரண்டு கட்டங்களுக்கு அது பொருந்தும் என்று யாரும் எனக்குப் பிரசங்கித்ததில்லை. நெடுநேரம் ஜெபிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். விடிவதற்குள் இரண்டு எண்களையும் அழித்தேன்.

மறுவாரம் சோதனையை முதலிலிருந்து மும்முறை செய்தேன். சரிவு அப்படியே இருந்தது. வடிநீரை அளந்து பார்த்தபோது அதில் துத்தநாகம் கரைந்திருந்தது: சாயத்தைச் சிதைக்கும் அதே ஒளி துகளின் மேற்பரப்பையும் அரித்துக்கொண்டிருந்தது. துத்தநாக ஆக்சைடுக்கு இந்தக் குறை உண்டு என்பது துறையில் பலரும் அறிந்ததுதான். சரிவையும் காரணத்தையும் சேர்த்து எழுதிய கட்டுரையை நாங்கள் விரும்பிய இதழ் திருப்பி அனுப்பியது. பிறகு ஒரு சிறிய இதழ் ஏற்றது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஏறத்தாழ ஒரு வருடம் தாமதமானது. கடைசி ஏழு மாதங்கள் உதவித்தொகை இல்லாமல் அம்மாவின் ஓய்வூதியத்தில்தான் கழிந்தன.

கிறிஸ்தவர்கள்தான் நேர்மையானவர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதங்களில் தமக்கு ஒதுக்கிய கருவி நேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்த தோழி ஓர் இஸ்லாமியர். ஒரு எண்ணையும் அவர் மாற்றி எழுதி நான் பார்த்ததில்லை. நேர்மைக்கு மதம் எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு வழக்கில்லை. என்னை அந்த இரவில் நிறுத்தியது எது என்று மட்டுமே சொல்கிறேன்.

என்னை இன்னும் வருத்துவது வேறொன்று. பட்டம் பெற்றபின், திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஜெபத்தோடு தொடங்கினார்கள். என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை; எந்தச் சபை, யாருடைய சிபாரிசு, எவ்வளவு கொடுக்க முடியும் என்பவையே கேள்விகள். அவிசுவாசிகள் நடுவில் எப்படி வாழ்வது என்று நம் இளைஞர்களுக்கு முகாம்தோறும் கற்றுத்தருகிறோமே, இதைக் குறித்து எந்த முகாமில் பேசுகிறோம்?

ஞாயிறு ஆராதனையைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். எங்கள் குழுக்கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடந்தது. இரண்டு ஆண்டுகள் மனதுக்குள் புழுங்கிவிட்டு, ஒருநாள் துணிந்து நெறியாளரிடம், காலை ஆராதனைக்குப் போக வேண்டும் ஐயா என்றேன். "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லி, கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினார். பின்னாளில் அந்த இரண்டு எண்களைக் குறித்து என்னிடம் பேசியவரும் அவரேதான்.