முட்டம் கடற்பாறைகளில் ஏற வருவோருக்கு

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் தக்கலை நண்பர்கள் நால்வர் நாங்கள். அங்கே செயற்கைச் சுவரில் ஏறிப் பழகியிருக்கிறோம். பொங்கல் விடுமுறையில் கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம், கடியப்பட்டணம் பக்கம் ஆளரவமற்ற பாறைகளில் ஏற விரும்புகிறோம். காலம் சரிதானா? கயிறும், அதை மாட்டப் பாறையில் துளையிட்டு அடிக்கும் போல்ட்டும் வேண்டுமா?

பதில்: காலம் சரியானதே. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கரையை அறையும் தென்மேற்குப் பருவக் கடலும் அப்போது இருக்காது. ஆயினும், சுவரில் பெற்ற பயிற்சி கையையும் காலையும் மட்டுமே பழக்கியிருக்கிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். கடற்பாறையில் உயரத்தைவிட அலை எட்டும் தூரமே பெரிய ஆபத்து. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்களால் உருவாகிப் பல நாள் பயணித்து வரும் பேரலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் திடீரென்று பாறைமேல் ஏறும். கள்ளக்கடல் எனப்படுவது இதுவே. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் உயிரிழந்தது இத்தகைய கடலில்தான். ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி என்றாலும், எந்த மாதமானாலும் புறப்படும் முன் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

பாறையிடம் சென்றதும் உடனே ஏறாமல் அரைமணி நேரம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, பிறகு நெடுநேரம் அடங்கியிருக்கும்; அந்த அடக்கத்தை நம்பி இறங்குபவர்களே அதிகம் சிக்குகிறார்கள். பாறையும் ஓரளவு சொல்லும். அடியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும் பகுதி அன்றாடம் நனைவது. அதற்கு மேலே வழவழவென்று கறுத்துக் கிடக்கும் பட்டை அலை தெறிக்கும் இடம், ஈரமானால் எந்த ஷூவும் அதில் நிற்காது. அந்தக் கறுப்பு முடிந்து, பாறை தன் இயல்பான நிறத்தில் சொரசொரப்பாக, ஆங்காங்கே சிவந்த கார்னெட் மணிகள் தெரியும்படி இருக்கும் இடத்திலிருந்துதான் ஏற்றம் தொடங்க வேண்டும். கைப்பிடியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அது வெயிலிலும் உப்பிலும் உரிந்து நிற்கும் தகடு. உங்கள் எடையைத் தாங்காது.

போல்ட் அடிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெப்பமண்டலக் கடலோரத்தில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், வெளியே பளபளத்தாலும் உள்ளே உப்பரிப்பால் வெடித்து, கையால் இழுத்தாலே ஒடியக்கூடும். தாய்லாந்தின் ரெய்லே கடற்பாறைகளில் டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாறியது இதனால்தான். துறைமுகக் கடைகளில் கிடைக்கும் கயிற்றை வாங்கி உடலில் கட்டிக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். அது விழும்போது போதிய அளவு இழுபட்டு நீளாது, ஆகவே விழுகையின் அதிர்ச்சி முழுவதும் இடுப்பிலும் முதுகிலும் இறங்கும். கடலிலிருந்து தள்ளி மணலில் நிற்கும் பாறைகளைத் தேர்ந்து, மூன்று மீட்டருக்குள், அடியில் கிராஷ் பேடும் (விழுந்தால் தாங்கும் தடித்த மெத்தை) தலையில் ஹெல்மெட்டுமாக ஏறுங்கள். இறங்கும் வழியை முதலில் பார்த்து வையுங்கள். திரும்பியதும் ஷூ, பேட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் பங்குத்தந்தையிடமோ ஊர்க்கமிட்டியிடமோ சொல்லிவிடுவது முறை. குருசடி (சிலுவை நிறுத்திய சிறு வழிபாட்டிடம்) உள்ள பாறைகளையும், மீனவர்கள் வலை காயப்போடும் இடங்களையும் விட்டுவிடுங்கள். சிப்பி எடுக்க மூழ்கும் அண்ணன்மார் யாரையேனும் கேட்டால், எந்தப் பாறையில் அலை ஏறும் என்று எந்தச் செயலியையும்விடத் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அன்று ஏறாதீர்கள்.

ஒருவர் எப்போதும் ஏறாமல் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் கையில் நீண்ட கயிறு கட்டிய, மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேன் இருக்கட்டும். யாரேனும் நீரில் விழுந்தால் மற்றவர் குதிக்கக் கூடாது. கேனை எறிய வேண்டும். விழுந்தவர் பாறையைப் பிடித்து ஏற முயன்றால் அடுத்த அலை அவரைப் பாறையிலேயே மோதும். பாறையை விட்டு விலகி நீந்தி, கேனைப் பற்றி மிதந்தபடி, மணல் உள்ள பக்கம் ஒதுங்கவோ வள்ளத்துக்காகக் காத்திருக்கவோ வேண்டும். கரையில் இருப்பவர் ஊராரைக் கூவி அழைத்துவிட்டு 108-க்குப் பேசட்டும். பெரிய அரசு மருத்துவமனை ஆசாரிப்பள்ளத்தில் இருக்கிறது.