சூதாட்ட மங்காக்களில், அதாவது சூதாட்டத்தைப் பற்றிய ஜப்பானிய காமிக்ஸ்களில், நோஞ்சான் நாயகனை ஏன் இவ்வளவு பேருக்குப் பிடிக்கிறது?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பள்ளியில் ஏதாவது ஒரு டீமில் இருந்தவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். நான் உப்புக்குச் சப்பாணி. சின்ன வயதிலிருந்தே இளைப்பு, அதாவது ஆஸ்துமா.

எட்டாம் வகுப்பில் ஒரு மழை நாள். பி.டி. பீரியடுக்கு மைதானம் போக முடியாமல் வராந்தாவில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுபுலி ஆட்டம் ஆடினோம். எதிரில் வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரன். புலி அவனுக்கு, ஆடு எனக்கு. பந்தயம் அவனுடைய ஹீரோ பேனா. மூன்று புலிகளையும் நகர விடாமல் மடக்கிவிட்டேன். அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகி, நெஞ்சை முன்னால் தள்ளி, "எடுத்துக்கோ, பார்ப்போம்" என்றான். அந்தத் தங்க நிறக் கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை.

புத்தி பலத்தை வெல்லும் கதை முயலும் சிங்கமும் காலத்திலேயே இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். இருக்கிறது. ஆனால் சிங்கம் கிணற்றில் விழுந்ததும் கதை முடிந்துவிடும். ஜெயித்த பேனாவை வாங்குவது எப்படி என்று முயல் சொல்லித் தராது.

சாகோ தோஷியோ 2006 முதல் 2017 வரை வரைந்த 'உசோகுய்' என்ற மங்கா அதைத்தான் பேசுகிறது. நாயகன் மதராமே பாகு கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறவன். ஆட்டத்தில் ஜெயித்தாலும் எதிராளி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். அதனால் பந்தயத்துக்குச் சாட்சியாக நின்று, தோற்றவனிடம் வசூலித்தும் தருகிற 'காகேரோ' என்ற அமைப்பு வருகிறது. அதன் நடுவர்கள் அடிதடியில் பயங்கரமானவர்கள். பாகு தன் உடம்பால் ஆகாததை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டுதான் உட்காருவான். எனக்கு அன்று தெரியாமல் போனது அதுதான்.

'கைஜி' என்ற இன்னொரு சூதாட்ட மங்காவைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். அதன் நாயகன் கைஜி நோஞ்சான் இல்லை, கடனாளி. ஆனால் அதில் ஒரு சீட்டாட்டத்தில் அடிமைச் சீட்டு சக்கரவர்த்திச் சீட்டை வெட்டும், அடிமைக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால். அந்த இடம் எனக்கு உயிர்.

சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆன்லைன் ரம்மியில் வீட்டை அழித்தவர்களை எனக்கும் தெரியும்.

உசோகுயின் பிற்பகுதியில் தண்ணீருக்கடியில் ஒரு போக்கர் வரும். அங்கே பந்தயப் பணமே மூச்சுக் காற்றுதான். அதை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, இரண்டு நாள் பிரித்துத்தான் படித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை "பழகிட்டா விட முடியாது" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். மாத்திரையைவிட மருந்தின் அளவு அதில் எவ்வளவோ குறைவு, நேராக நுரையீரலுக்குப் போகிறது என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பத்தாம் வகுப்பு வரை இரவெல்லாம் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேதான் தூங்கினேன். உங்கள் வீட்டில் இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால், தயவுசெய்து டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.