அப்பாவின் குருதிப் புற்றுநோய் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. வெண்குருதிக்கலங்கள் 1,80,000, மண்ணீரலும் வீங்கியிருக்கிறது. பரம்பரையலகுக் கோளாறால் வந்த சி.எம்.எல். என்ற நாட்பட்ட குருதிப் புற்றுநோய் என்கிறார்கள். எங்களுக்கும் வருமா? இரத்தம் சோதிக்க வேண்டுமா? குளிசை எவ்வளவு காலம்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அப்பாவிடமிருந்து உங்களுக்கு வராது, சோதனையும் தேவையில்லை. இது அவர் பிறக்கும்போதே இருந்த கோளாறல்ல. பின்னாளில் என்பு மச்சையிலுள்ள ஒரேயொரு தாய்க்கலத்தில் நேர்ந்தது. விந்தணுவில் அது இல்லை.

அந்தக் கலத்தில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து, துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொண்டன. கட்டையாகிப்போன 22ஐ 1960இல் பிலடெல்பியாவில் கண்டறிந்ததால் அதற்கு அந்த ஊரின் பெயர். ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புப் பரம்பரையலகு உருவாகிறது. ஏபிஎல் நொதியம் வழக்கத்தில் வேண்டியபோது மட்டும்தான் கலத்தைப் பெருகச் சொல்லும். இப்போதோ குளத்துத் துருசு திறந்தபடியே இறுகிவிட்ட மாதிரி, கட்டளை ஓயாது. போர்ப்புகை, கிணற்றுத் தண்ணீர் என்று ஊரில் பல காரணம் சொல்வார்கள். உறுதியாகத் தெரிந்தது அதிகளவு கதிர்வீச்சு மட்டுமே. பெரும்பாலானோருக்கு அதுவும் இருப்பதில்லை.

இதற்கான குளிசை இமாற்றினிப். அது அந்த நொதியத்துக்குச் சக்தி சேரும் குழியில் போய் உட்கார்ந்து அதை முடக்குகிறது. வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். சாப்பாட்டோடு, பெரிய கிளாஸ் தண்ணீருடன் எடுக்க வேண்டும், வெறுவயிற்றில் குமட்டும். கண்மடல் வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிற்றோயின் இரண்டும் இரத்தத்தில் இம்மருந்தின் அளவைக் குறைக்கும்.

சில மாதங்களில் இரத்த எண்ணிக்கை சீராகி, மண்ணீரலும் சுருங்கிவிடும். பிசகுவது பெரும்பாலும் அப்போதுதான். 'சுகமாயிற்று' என்று அரிவிவெட்டு மும்முரத்தில் குளிசை தவறும். சாதாரண இரத்த எண்ணிக்கை மிச்சமிருக்கும் புற்றுக் கலங்களைக் காட்டாது. பிசிஆர்-ஏபிஎல்லின் ஆர்.என்.ஏ.யை அளக்கும் மூலக்கூற்றுச் சோதனைதான் காட்டும்: அந்த அளவு 3ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள், 6இல் 1க்குள், 12இல் 0.1க்குள் வர வேண்டும். வராவிட்டால் முதலில் தவறிய குளிசைகளைத்தான் தேட வேண்டும். ஒழுங்காக எடுத்தும் வராவிட்டால், நொதியத்தின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பார்த்து மருந்தை மாற்றுவார்கள். இச்சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் இரத்தத்தில் ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும், ஒரு நாளுக்குள் ஆய்வுகூடம் சேர்வது நல்லது. வன்னியிலிருந்து அனுப்புவதென்றால் வெள்ளி பின்னேரம் வேண்டாம்.

குளிசை பல வருடங்களுக்கு. பிசிஆர்-ஏபிஎல் நீண்டகாலம் மிகக் குறைந்த அளவில் நிற்கும் சிலருக்கு மட்டும், அடிக்கடி சோதித்தபடி வைத்தியரே நிறுத்திப் பார்ப்பார். மாரியில் வீதி வெள்ளத்தில் மூடலாம். ஒரு கிழமைக் குளிசை எப்போதும் மிச்சம் இருக்கட்டும்.