பிஸ்கட் டின்னில் இருக்கிறது உங்கள் முதல் கடிதம்

கேள்வி: வயது 61. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வாரம் ஆறு மணி நேரம் பகுதி நேரமாகத் தமிழ் கற்பிக்கிறேன். 1990களில் என்னோடு ரப்பர்த் தோட்டம் தோட்டமாக அலைந்து நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்த இரு விரிவுரையாளர்களோடு பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேச்சே இல்லை. ஒருவர் என்னைவிட மூத்தவர், மற்றவர் இளையவர். இருவரும் பேராசிரியர்கள் ஆகிவிட்டார்கள். எனக்கோ துறையில் ஒரு மேசைகூட இல்லை. மூத்தவருக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. எப்படி மறுபடி தொடங்குவது? (அந்த ஒலிநாடாக்கள் இன்னும் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.)
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: அம்மா, அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் மின்னஞ்சல். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டாய ஓய்வு வயது 60. மூத்தவர் ஓய்வு பெற்று, அந்த முகவரியே மூடப்பட்டிருக்கலாம். பதில் வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் அண்மையில் எழுதிய கட்டுரையில் தொடர்புக்கென்று குறித்திருக்கும் முகவரியைப் பாருங்கள். ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் (ORCID) எண் இருந்தால் இன்னும் எளிது. 16 இலக்கமுள்ள அந்த அடையாளம் பணியிடம் மாறினாலும் மாறாது. எதுவும் கிடைக்காவிட்டால் அவருடைய பழைய துறை அலுவலகத்தை அழையுங்கள். அவருடைய எண்ணைக் கேட்டால் தயங்குவார்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து, அவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்த டின். மூவரும் சேர்ந்து பதிவு செய்தவை மூவருக்கும் உரியவை. அவற்றை வகுப்பில் ஒலிக்கவிடவோ கட்டுரையில் சேர்க்கவோ அவர்கள் இருவரின் சம்மதம் வேண்டும். பாடிய பாட்டிமார்களின் பெயர்களும் சரியாகப் பதிவாக வேண்டும். எந்தத் தோட்டம், யார் பாடியது, எந்த வீட்டு வாசலில் என்பதெல்லாம் மூன்று பேர் நினைவிலும் சிதறிக் கிடக்கிறது. ஆகவே நீங்கள் உதவி கேட்டுப் போகவில்லை. அவர்களுக்குச் சேரவேண்டியதைக் கொண்டுபோகிறீர்கள். இதை மனத்தில் நிறுத்தினால், மேசை இல்லாத குறை கடிதத்தில் எட்டிப் பார்க்காது.

கடிதம் இவ்வளவு போதும்:

“வணக்கம் ஐயா. நாம் பதிவு செய்த ஒலிநாடாக்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தாலாட்டில், மங்கு துடைக்கும் வரிக்கு அடுத்து வரும் சொல் எனக்குப் பிடிபடவில்லை. ஒலிப்பதிவை அனுப்பட்டுமா? நீங்கள் கேட்டால் தெரிந்துவிடும்.” (மங்கு என்பது ரப்பர் பால் சேரும் கிண்ணம்.)

பன்னிரண்டு ஆண்டு மௌனத்துக்கு விளக்கம் எழுதவே எழுதாதீர்கள். விளக்கம் எழுதினால் அவரும் ஒரு விளக்கம் தேட வேண்டியிருக்கும், பதில் தள்ளிப்போகும். ஒரு சொல்லைக் கேட்டால் அன்றிரவே பதில் எழுதத் தோன்றும். வேலைதான் அறிஞர்களைச் சேர்க்கும். 1964 ஜனவரியில் புதுடெல்லியில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த தமிழறிஞர்கள் அங்கேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்திய தனிநாயகம் அடிகளின் முனைப்பால் 1966 ஏப்ரலில் அதன் முதல் மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது.

இளையவரை முன்பு ‘தம்பி’ என்று அழைத்திருந்தாலும், முதல் செய்தியில் ‘டாக்டர்’ என்றே எழுதுங்கள். “அக்கா, எனக்கு எதற்கு டாக்டர்?” என்று அவரே திருத்தட்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பலாம், விடைத்தாள் திருத்தும் வாரங்கள் வேண்டாம், பருவத்தின் நடுவே வரும் விடுமுறை நல்லது.

இரண்டு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் வேறு வழியில் ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதில் வந்தால், துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று அவர்களில் ஒருவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். பால்மரக் காட்டையே பார்த்திராத மாணவர்கள் அந்தக் குரல்களைக் கேட்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வாரமே ஒலிநாடாக்களைக் கணினியில் நகலெடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒலிநாடா பூசணம் பிடிக்கும். பூசணம் தெரிந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காமல், ஒலிநாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.