கல்வெட்டு படிக்கும் மகளுக்கு எட்டு லட்ச ரூபாய் இடம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், தமிழோ வரலாறோ படித்துத் தொல்லியல் பக்கம் போகப்போவதாகச் சொல்வதால் வீட்டில் நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்கு அந்தக் கவலை வருவது இயல்பே. ஆனால் உங்கள் மைத்துனர் சொல்லும் தீர்வை, அதாவது குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை அடகு வைத்து எட்டு லட்ச ரூபாய்க்கு மேலாண்மை ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் வாங்குவதை, என்னால் ஏற்கவே முடியாது. கணக்குப் பாடத்தை வேண்டாவெறுப்பாகப் படித்தவள், விடுமுறை நாள்களில் ஊர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படித்து நோட்டில் குறித்து வைக்கிறாள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தன் நாட்டம் எதில் என்பதை ஒரு பிள்ளை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்ன கேட்பார்களோ என்பதற்காக எடுக்கிற முடிவு இது இல்லை.

பொறியியலைப் பற்றியும் வங்கித் தேர்வுகளைப் பற்றியும் சொல்ல உங்களைச் சுற்றிப் பலர் இருக்கிறார்கள். நான் அவற்றை விட்டுவிடுகிறேன். கீழடிக்குப் பிறகு தொல்லியல் என்றாலே எல்லோருக்கும் அகழாய்வுக் குழிதான் நினைவுக்கு வருகிறது, அதையும் விடுகிறேன். உங்கள் மகளுக்குப் பொருந்துவது, பலரும் எண்ணிப் பார்க்காத கல்வெட்டியல், அதாவது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்து ஆராயும் துறை.

அந்த வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். சுவரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, பிறகு மையொற்றியால் சீராக ஒற்றினால், கறுத்த தாளில் எழுத்துகள் வெள்ளையாக நிற்கும், இதுதான் மைப்படி. படிப்பது அதைவிடக் கடினம். சோழர் காலத் தமிழெழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகாரத்துக்கு வேறுபாடு இராது, இடையிடையே வடசொற்கள், வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் வரும். ஆகவே அரசனின் புகழைப் பாடும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியின் நடையும், வேலி, மா, காணி என்னும் நில அளவைகளும், இறையிலி (வரி நீக்கிய நிலம்) போன்ற வரிச் சொற்களும் மனத்தில் ஊறியவர்தான் சிதைந்த ஒரு வரியைச் சரியாக மீட்க முடியும். தமிழில் ஆழ்ந்த புலமை இங்கே அலங்காரம் அன்று; பிழைப்புக்கான கருவியே அதுதான்.

இத்துறை நேற்று முளைத்ததும் அன்று. சென்னை மாகாண அரசு 1886இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியது. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890இல் வந்தது. பின்னர் ஜப்பானிலிருந்து வந்த வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா, திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டே ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமணர் ஊரில் நிலம் தனியார் உடைமையாகவும் வேளாளர் ஊரில் பொதுவாகவும் இருந்ததைக் காட்டினார். அவ்வளவு தொலைவிலிருந்து வந்து ஒருவர் கற்ற எழுத்து உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. படியெடுத்தவற்றிலேயே பெரும்பகுதி இன்னும் முழுப் பாடமாக அச்சேறவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல் வீசித் தேய்த்து அழிந்த சுவர்களோ நிரந்தரமாகப் போய்விட்டன. படிக்கத் தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் அல்லது வரலாறு; ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பிறகு முதுகலை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித்துறையே உண்டு. அதன் பின் தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. அதற்கு மாத உதவித்தொகை தருகிறார்கள். இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் தொல்லியல் படிப்புக்கான அறிவிக்கையில், தகுதியாகக் கருதப்படும் மொழிகளில் தமிழ் 2020இல் விடுபட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு சேர்க்கப்பட்டது; ஆகவே தமிழ் எம்.ஏ. படித்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், 2023இல் உயர்த்தியபடி, மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

சில நிபந்தனைகளை நான் தளர்த்த மாட்டேன். தொல்லியல் என்று பெயர் சூட்டி லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் படிப்பு எதிலும் சேர்க்காதீர்கள். கடன் வாங்கிப் படிக்கும் துறை இதுவன்று. முதலாண்டிலேயே பழந்தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தையும் கிரந்தத்தையும் தொடங்கி, சமஸ்கிருத அடிப்படையையும் கட்டுரை எழுதும் அளவுக்கு ஆங்கிலத்தையும் அவள் கற்றுக்கொள்ள வேண்டும். மறைக்காமல் இன்னொன்றையும் சொல்கிறேன்: தொல்லியல் அலுவலர், கல்வெட்டாய்வாளர் போன்ற அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்புகளும் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆகவே முதுகலை முடிந்து இரண்டு முறை நெட் எழுதியும் உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால், பி.எட். முடித்து ஆசிரியர் பணிக்குத் தகுதி பெற்று, ஆய்வை அதனுடன் தொடர்வது என்று இப்போதே மகளுடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பேச்சில் மைத்துனரும் இருக்கட்டும், ஆனால் பி.ஏ.வில் எந்தப் பாடம் என்பதை அவளே சொல்லட்டும்.