எஃப்எம்ம தாண்டி எங்க போய் பாட்டு கேக்குறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமங்கலத்துல மளிகைக் கடை வச்சிருக்கேன். காலைல ஷட்டர் தூக்குனதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் எஃப்எம் தான் ஓடுது. போட்ட பாட்டையே திரும்பத் திரும்பப் போடுறாங்க, கடைப் பையனுக்கே எல்லாம் மனப்பாடம். நல்ல பாட்ட நாங்க எங்க போய் தேடுறது?

பதில்: அண்ணாச்சி, தனியார் எஃப்எம் ஓடுறது விளம்பரத்துல. தெரியாத பாட்டு வந்தா நீங்க ஸ்டேஷன மாத்திருவீங்கன்னு அவங்களுக்கு பயம், அதனால ஹிட்டானதையே சுத்திச் சுத்தி விடுறாங்க. ஆனா அதுலயே வெளிய போறதுக்கு வழி இருக்கு, பாட்டு பிடிச்சிருந்தா அதுக்குப் பின்னாடி இருக்குற பேரைப் பிடிங்க.

விடியக்காலைல பக்திப் பாட்டு நேரத்துல 'மருதமலை மாமணியே' கேட்டிருப்பீங்க. 1972-ல வந்த 'தெய்வம்' படம், குன்னக்குடி வைத்தியநாதன் இசை, பாடினது நம்ம மதுரை சோமு, கர்நாடக சங்கீத வித்வான். அந்த ஒரு பாட்டோட அவர விட்டுட்டவங்க தான் நம்ம ஊர்லயே ஜாஸ்தி, எனக்கு அது பெரிய வருத்தம். அவரு பேரைப் போட்டு கச்சேரின்னு தேடுங்க, மணிக்கணக்குல கெடக்கு. அதே குரல் தான், ஆனா இங்க அவசரமே கெடையாது, ஒரு வரிய எடுத்து வச்சுக்கிட்டு கெஞ்சுவாரு, உருகுவாரு, திடீர்னு மேல போய் நின்னுருவாரு, நாதஸ்வரக்காரர் பிடிக்கிற பிடி அப்பிடியே தொண்டைல வந்து விழும். மிருதங்கத்தோட கடம், கஞ்சிரா, மோர்சிங்குன்னு மேடை நெறைய ஆள் உக்காந்திருக்கும், ஃபுல் பெஞ்ச் கச்சேரின்னு அதுக்குப் பேரு. பாட்டு நின்னு தாள வாத்தியங்க மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டுமாவது ஹெட்போன் போட்டுக்கோங்க, மிருதங்கம் ஒண்ணு சொல்லும், கடம் அதுக்குப் பதில் சொல்லும், அப்புறம் கஞ்சிரா, சுத்து வர வர சின்னதாகிக்கிட்டே வந்து கடைசில எல்லாரும் ஒண்ணா விழுந்து அடிப்பாங்க பாருங்க, ராகம் தாளம் எதுவுமே தெரியாட்டியும் உடம்பு சிலுத்துரும்.

இப்ப அடுத்த பேரு. சோமுவோட குரு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, அவரோட குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை, ஃபுல் பெஞ்சுக்குப் பேர் போனவரே அவரு தான். அதே நாயனா பிள்ளைகிட்ட பாட்டு கத்துக்கிட்டவங்க டி. பிருந்தா, வீணை தனம்மாளோட பேத்தி. பிருந்தாம்மா பாட்டு சோமுவுக்கு நேர் எதிர், ஆர்ப்பாட்டமே இல்லாம நிதானமா ஒரு பதம், அதாவது மெதுவாப் போற காதல் பாட்டு, பாடுவாங்க. மருதமலைல கெளம்பி எங்க வந்துட்டோம் பாருங்க. சினிமாப் பாட்டு ஆளா இருந்தாலும் இதே வேலை தான், இளையராஜா பாட்டுல அந்தப் புல்லாங்குழல் யாருன்னு கேளுங்க, நெப்போலியன்னு வரும், அருண்மொழிங்கிற பேர்ல பாடவும் செஞ்சிருக்காரு, அந்தப் பேரைப் பிடிச்சா அடுத்த வாரத்துக்குப் போதும்.

அப்புறம் ஒண்ணு, கடைலயே ஓட விடணும்னா அரசு வானொலிக்கு நியூஸ்ஆன்ஏர்னு ஆப் இருக்கு, அதுல ராகம்னு ஒரு சேனல், 2016-லேர்ந்து 24 மணி நேரமும் சாஸ்திரிய இசை தான்.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன், மேலூர். யூடியூப் நான் கேட்டதையே தான் மறுபடி மறுபடி காட்டுது. புதுசா எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: நீங்க கேட்டதுக்குப் பக்கத்துல இருக்குறதத் தான்மா அது நீட்டும். ஹிஸ்டரிய நிறுத்தி வைங்க, ஆட்டோபிளேய ஆஃப் பண்ணுங்க, மனுஷங்க பொறுக்கி எடுத்து வச்சிருக்குற எடமாப் பாத்துப் போங்க. சங்கீதப்ரியான்னு ஒரு சைட்டு, ரசிகர்களே சேத்து வச்ச கச்சேரிப் பதிவுங்க, காசு கெடையாது. ரேடியோ கார்டன்ல உலக உருண்டைய சுத்தி ஒரு பச்சைப் புள்ளியத் தொட்டா அந்த ஊரு ரேடியோ அப்பவே கேக்கும், சும்மா ராத்திரி ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுப் பக்கமோ இஸ்தான்புல் பக்கமோ போய்ட்டு வாங்க. அமெரிக்காவுல சியாட்டில்ல கேஇஎக்ஸ்பின்னு ஒரு ஸ்டேஷன், கேக்குறவங்க குடுக்குற நன்கொடைல ஓடுது, என்ன போடணும்னு டிஜேவே முடிவு பண்றாங்க, ஸ்டுடியோவுல பேண்டுகள வாசிக்க வச்சு வீடியோவும் விடுறாங்க. புதுசு எதுவா இருந்தாலும் ஒரே தடவைல தள்ளிவிட்றாதீங்க, ரெண்டு மூணு நாள் விட்டு மறுபடி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: அலங்காநல்லூர் பக்கம் கிராமம். நாட்டுப்புறப் பாட்டுன்னா டிவி மேடைல ஜிகினா சட்டையோட பாடுறது தானா?

பதில்: இல்லவே இல்லங்கய்யா, உங்க ஊரச் சுத்தியே இருக்கு. சித்திரைல அழகர் ஆத்துல இறங்குறப்ப அழகரோட பெருமைய வர்ணிப்புப் பாட்டாப் பாடுற குழுக்கள் வரும், கூட்டத்துல சாமி பாத்த கையோட கெளம்பிறாம அவங்க பக்கத்துல போய் உக்காருங்க. கோயில் திருவிழால வள்ளி திருமணம் நாடகம் போட்டா, பபூன் முடிஞ்சதும் எந்திரிச்சிப் போறவங்க நெறைய, அப்புறமா தான் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம், ஆர்மோனியக்காரரு பின்பாட்டுல ஒரு இழுப்பு இழுத்து நடிகருக்கு சுருதி எடுத்துக் குடுப்பாரு, அந்த எடத்த விட்றாதீங்க. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்சது இன்னைக்கும் நம்ம பக்கம் தான் விடிய விடிய நடக்குது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல வேலை பாத்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் ஊர் ஊராப் போய் சேத்துப் பாடின பாட்டுகளையும் தேடிக் கேளுங்க, அந்த அம்மாவுக்கு 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஒரு குழு பிடிச்சிருந்தா ஃபோன் நம்பர் வாங்கி வைங்க, வீட்டு விசேஷத்துக்கு டிஜே வைக்கிற காசுல அவங்களக் கூப்பிடலாம்.

கேள்வி: சபாவுல ராகம் தெரியாம உக்கார கூச்சமா இருக்கு. (வாசகி, தல்லாகுளம்)

பதில்: உங்க பக்கத்துலயே சத்குரு சங்கீத சமாஜமும் லட்சுமி சுந்தரம் ஹாலும் இருக்கு, போங்கம்மா. ராகம் என்னன்னு யாரும் பரீட்சை வைக்கப் போறதில்ல. பிடிச்ச பாட்டோட முதல் வரிய மட்டும் எழுதிட்டு வாங்க, மத்தது வீட்டுல தேடிக்கலாம்.

கேள்வி: அப்பா வச்சிருந்த கேசட் ஒரு பெட்டி இருக்கு. தூக்கிப் போட்டுறவா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: தயவுசெஞ்சு போட்டுறாதீங்க. சினிமா கேசட்டு வேற எங்கயும் கெடைக்கும், ஆனா ஊர்த் திருவிழால பதிஞ்ச நாடகமோ வர்ணிப்போ அதுல இருந்துச்சுன்னா ஒலகத்துக்கே அது ஒரே காப்பியா இருக்கலாம். முதல்ல மேல் விளிம்புல இருக்குற ரெண்டு குட்டி பிளாஸ்டிக் காதையும் உடைச்சு விடுங்க, தெரியாம ரெக்கார்ட் பட்டன் அமுங்கினாலும் அழியாது. நாடாவுல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா ஓட விடாதீங்க, தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து சுத்தம் பண்ணிக்கோங்க. நல்லா இருக்குறத பிளேயரோட ஹெட்போன் ஓட்டைலேர்ந்து வயர் இழுத்து கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர்ல பதியலாம். ஃபைல் பேர்ல ஊரு, வருசம், பாடுனவங்க பேரு மூணையும் போடுங்க, அப்பா அட்டைல பேனாவுல எழுதியிருக்குறதையும் ஃபோட்டோ எடுத்து அதோடயே வைங்க.