இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள்: வெளிநாட்டுப் பயணக் கேள்விகள்

வெளிநாடு போகிறேன், எந்த சிம் நல்லது? (மாரத்தஹள்ளி)

எந்த நாடு, எத்தனை நாள், எந்த போன்? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

சிங்கப்பூருக்கு நாலு நாள். அங்கே சிம் வாங்கவா, இங்கேயே ரோமிங் பேக் போடவா? (ராஜாஜிநகர்)

நாலு நாளுக்கு பேக்கே போதும். பத்து நாளைத் தாண்டினால் உள்ளூர் சிம். ஆனால் அங்கே 2ஜியை 2017இலும் 3ஜியை 2024இலும் மூடிவிட்டார்கள், அதனால் வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) இல்லாத பழைய போனைக் கொண்டுபோனால் பேச முடியாது.

அம்மா ஆறு மாதம் டொராண்டோ போகிறார். இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால் ரோமிங் பில் வராது, சரிதானே? (அல்சூர்)

சரியில்லை. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ரோமிங் வேறு, டேட்டா ரோமிங் வேறு. முதலாவது, உங்கள் எண் வெளிநாட்டு நெட்வொர்க்கில் சேர கம்பெனி தரும் அனுமதி. அது ஆனில் இருக்க வேண்டும், அதையும் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். இரண்டாவது உங்கள் போன் செட்டிங்கில் இருக்கும் ஸ்விட்ச், அது ஆஃபில் இருக்க வேண்டும். இப்படி வைத்தால் ஓடிபி வரும், நெட்டுக்குக் காசு போகாது. வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தால்தான் காசு.

என் பெரியம்மா வெளிநாட்டில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போனபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று சிம்மைக் குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டு போனார். அங்கே போய் டெபாசிட்டைப் புதுப்பிக்க வங்கி ஓடிபி கேட்டபோது சிமிழைத் திறந்தால், சிம்மின் தகடெல்லாம் சிவப்பு. துடைத்துத் துடைத்துப் போட்டும் போன் அதை எடுக்கவேயில்லை. இங்கே திரும்பி வந்து ஆதாரோடு வரிசையில் நின்று டூப்ளிகேட் வாங்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை, வாங்கிய பிறகும் விதிப்படி 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நின்றிருந்தது. அறுபத்தெட்டு வயதில் அவருக்கு அந்த அலைச்சல் தேவையா? நம் எண்தான் நம் வங்கிச் சாவி. அம்மாவின் போனில் அது இருக்கட்டும், இரண்டாவது இடத்தில் கனடா சிம் போடுங்கள். கிளம்பும் முன் நீண்ட வேலிடிட்டிக்கு ரீசார்ஜ் செய்துவிடுங்கள். பேலன்ஸ் 20 ரூபாய்க்குக் கீழே இறங்கி 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடந்தால் எண்ணையே ரத்து செய்துவிடலாம், அப்புறம் அது வேறு யாருக்கோ போய்விடும்.

தம்பி அமெரிக்காவிலிருந்து ஐபோன் 14 கொண்டுவந்தான். சிம் போடும் இடமே இல்லை. டூப்ளிகேட்டா? (ஜெயநகர்)

இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் இ-சிம் (போனுக்குள்ளேயே இருக்கும் சிம், தனி அட்டை கிடையாது) மட்டும்தான். இங்கேயும் இ-சிம் தருகிறார்கள், மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஃபிளைட்டுக்கு முதல் நாள் ராத்திரி மாற்றாதீர்கள். ஒரு வாரம் முன்னாலேயே மாற்றி, ஓடிபி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் வாங்கிய சிம் ஐரோப்பா முழுக்க ஓடும் என்றார்கள். சூரிச்சில் பேலன்ஸ் காலி. (ஒயிட்ஃபீல்டு)

பேக்கில் எந்தெந்த நாடு என்று படித்தீர்களா? 2017 ஜூனிலிருந்து கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லை என்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அதோடு சேர்ந்த நார்வே, ஐஸ்லாந்து போன்ற சில நாடுகளுக்கும்தான். சுவிட்சர்லாந்து அதில் இல்லை, பிரிட்டனும் இப்போது இல்லை. எல்லைப் பக்கம் போன் தானாகவே அடுத்த நாட்டு நெட்வொர்க்குக்குத் தாவிவிடும். தனுஷ்கோடியில் நின்றால் இலங்கை நெட்வொர்க் பிடிக்கிறதே, அதே கதைதான். அடுத்த முறை ரயில் ஏறும்போதே டேட்டா ரோமிங்கை அணையுங்கள்.

துபாயில் வாட்ஸ்அப் கால் போகுமா? (சிவாஜிநகர்)

மெசேஜ் போகும். கால் போகாது, தடை.

வெளிநாட்டில் இருக்கும்போது யுபிஐ ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடலாமா? (கே.ஆர்.புரம்)

வேண்டாம். மறுபடி போட்டால் பதிவு செய்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் சரிபார்க்கும். ரோமிங்கில் அது காசு பிடிக்கும், சில சமயம் போகவே போகாது. புது போன் வாங்கினாலும் பழையதை ஊர் திரும்பும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஃபிளைட் மோடு போடாவிட்டால் என்ன ஆகும்? (விவேக் நகர்)

சில விமானங்களுக்குள்ளேயே நெட்வொர்க் உண்டு, சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் அது சேராது. நீங்கள் தூங்கும்போது ஆப்கள் அப்டேட் ஆகும், இறங்கியதும் பில் வரும். இருக்கையில் உட்கார்ந்ததுமே போட்டுவிடுங்கள்.